அவளுக்குக் கதையில் என்ன வேலை?

பழைய காமிக்ஸ் அட்டைகளில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. பின்னணியில் ராக்கெட். நடுவில் துப்பாக்கியோடு வீரன். எதிரே பச்சை நிறத்தில் பெயர் தெரியாத ஒரு ஜந்து. அந்த ஜந்துவின் பிடியில் ஒரு பெண். வீரனுக்குக் கழுத்து முதல் கால் வரை மூடிய விண்வெளி உடை, தலைக்குக் கண்ணாடிக் குடுவை எல்லாம் உண்டு. அவளுக்கோ நீச்சல் உடை மாதிரி ஏதோ ஒன்று. விண்வெளியில் ஆண்களுக்கு மட்டும்தான் குளிரும் போலிருக்கிறது :-)

இந்த மாதிரிப் படங்கள் 'ரெட்ரோ' என்ற பெயரில் மறுபடி மறுபடி வலம் வருகின்றன. டீ-ஷர்ட், போஸ்டர், கார்ட்டூன், வீடியோ கேம்... எல்லாவற்றிலும். கூடவே ஒரு சண்டையும் வருகிறது. "ஆஹா, என்ன கோடு, என்ன வண்ணம், அந்தக் காலம் அந்தக் காலம்தான்" என்று ஒரு கட்சி. "இதெல்லாம் பெண்களைக் கேவலப்படுத்தும் குப்பை" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கையில் வைத்திருப்பது ஒரே இன்ச் டேப்தான். துணி எத்தனை இன்ச் என்று அளந்து பார்த்து, ஒருவர் ரசிக்கிறார், ஒருவர் திட்டுகிறார்.

அளக்க வேண்டியது அதுவல்ல. கேட்க வேண்டிய கேள்வி மிகச் சாதாரணமானது: அந்தப் பெண்ணுக்குக் கதையில் என்ன வேலை? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பழைய வரலாற்றைப் புரட்டினால், நல்லது என்று நினைத்தது கெட்டதாகவும் கெட்டது என்று நினைத்தது கொஞ்சம் நல்லதாகவும் மாறிவிடுகிறது.

பல்ப் வந்த கதை

பல்ப் என்றதும் எரிகிற பல்பு, வாங்குகிற பல்பு எல்லாம் ஞாபகம் வரலாம். இது வேறு. மட்டமான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சடித்து, சில்லறைக் காசுக்கு விற்ற அமெரிக்கக் கதைப் பத்திரிகைகளுக்குத்தான் பல்ப் என்று பெயர். 1896-ல் ஃபிராங்க் மன்சியின் 'ஆர்கோசி' இந்த வடிவத்துக்கு வந்தது. 1920கள், 30களில் கடைக்குக் கடை இவை தொங்கின. உள்ளே இருக்கும் காகிதம் ஒரு வருடத்தில் பழுத்துவிடும். அதனால் இருக்கிற காசையெல்லாம் வழவழப்பான வண்ண அட்டையில் கொட்டினார்கள். பக்கத்தில் தொங்கும் இருபது பத்திரிகைகளைத் தாண்டிக் கண்ணில் பட வேண்டுமே!

பின்-அப் என்பது இதன் ஒன்றுவிட்ட சகோதரி. சுவரில் குத்தி மாட்டுவதற்கென்றே வரைந்த அல்லது எடுத்த பெண்களின் படம். ஆல்பர்ட்டோ வர்காஸ் 1940 முதல் 'எஸ்குயர்' பத்திரிகையில் வரைந்த பெண்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ முகாம் சுவர்களையும் விமானங்களின் மூக்கையும் அலங்கரித்தார்கள்.

'வியர்ட் டேல்ஸ்' என்ற பல்ப் பத்திரிகைக்கு 1930களிலும் 40களிலுமாக 60-க்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்தவர் 'எம். பிரண்டேஜ்'. பேய், மந்திரவாதி, சாட்டை, அரை நிர்வாணப் பெண்கள் என்று போகும் படங்கள். இதை வரைந்தவர் ஒரு ஆண் என்றுதான் வாசகர்கள் பலரும் நினைத்திருந்தார்கள். அவர் மார்கரெட் பிரண்டேஜ், ஒரு பெண்! அவருடைய அட்டை தன் கதைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே சில எழுத்தாளர்கள் கதைக்குள் ஒரு ஆடையற்ற காட்சியைச் செருகி வைத்தார்கள் என்பார்கள். அதாவது கதைக்காக அட்டை இல்லை, அட்டைக்காகக் கதை.

அங்கே அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை? விற்பது. அவ்வளவுதான்.

ஒரே முதலாளி, இரண்டு கடை

பல்ப் பத்திரிகைகளின் பாதிப்பு காமிக்ஸில் இருக்கிறது என்று சொல்வதே கொஞ்சம் தவறு. பாதிப்பு என்றால் வெளியிலிருந்து வருவது. இது வெளியிலிருந்து வரவில்லை, அதே வீட்டுக்குள்ளேயே பிறந்தது.

ஹாரி டோனன்ஃபெல்ட் என்ற வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1934-ல் வந்த 'ஸ்பைசி டிடெக்டிவ்' வகையறா, பெயருக்கேற்ற மசாலாப் பத்திரிகைகள், இவருடைய வட்டாரத்தைச் சேர்ந்தவை. அதில் அந்த வருடமே 'சாலி த ஸ்லூத்' என்று இரண்டு பக்கப் படக்கதை ஆரம்பமானது. சாலி ஒரு துப்பறியும் பெண். ஆனால் துப்பு கிடைக்கிறதோ இல்லையோ, உடை கிழிவது மட்டும் நிச்சயம். நான்கு வருடம் கழித்து, 1938-ல், இதே டோனன்ஃபெல்டின் இன்னொரு நிறுவனம் வெளியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் ஒருவர் காரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். சூப்பர்மேன்! அதை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவருக்கும் மொத்த உரிமைக்கும் சேர்த்துக் கிடைத்த தொகை 130 டாலர். கதையில் என்ன வேலை என்று கேட்கும்போது, கதைக்கு வெளியே என்ன கூலி என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி பிறகு ஒரு பெண்ணின் விஷயத்தில் திரும்ப வரும்.

செய்தித்தாள் பட்டைக்கதைகளும் இதே ஊற்றில் குடித்தவைதான். 1934 ஜனவரியில் அலெக்ஸ் ரேமண்ட் வரைய ஆரம்பித்த 'ஃப்ளாஷ் கார்டன்' படங்கள் இன்றைக்கும் மூச்சை நிறுத்தும் அழகு. ஆனால் அதன் நாயகி டேல் ஆர்டனின் முழுநேர வேலை கடத்தப்படுவது! கடத்துகிற மிங் என்ற கொடுங்கோலனோ, கீழை நாட்டுக்காரர்கள் என்றாலே சூழ்ச்சிக்காரர்கள் என்ற அந்தக் கால வெறுப்பின் நேரடி வார்ப்பு. பல்ப் உலகத்தை ரசிப்பவர்கள் இந்த அழுக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அழகான கோடு அழுக்கைக் கழுவிவிடாது.

புலித்தோல் கட்டிய முதலாளியம்மா

இனிதான் கதை மாறுகிறது. 'ஃபிக்‌ஷன் ஹவுஸ்' என்று ஒரு நிறுவனம். பல்ப் பத்திரிகையும் போட்டது, காமிக்ஸும் போட்டது. இன்ச் டேப் ஆசாமிகளுக்கு இதைப் போல எரிச்சல் தரும் நிறுவனம் வேறு கிடையாது. அட்டைக்கு அட்டை அழகிகள். அதன் நட்சத்திரம் ஷீனா, காட்டு ராணி. 1938-ல் 'ஜம்போ காமிக்ஸ்' முதல் இதழிலேயே அமெரிக்காவில் அறிமுகமானவள். உடை? சிறுத்தைத் தோலில் ஒரு துண்டு.

ஆனால் வேலை? சிங்கத்தோடு மோதுவது, வேட்டைக்காரக் கும்பலை விரட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக பாப் என்கிற தன் காதலனை இதழுக்கு இதழ் காப்பாற்றுவது. கட்டிப் போடப்படுகிறவன் அவன், கயிற்றை அறுக்கிறவள் இவள். 1942-ல் அவள் பெயரிலேயே தனி இதழ் வந்தது. வொண்டர் வுமனுக்குத் தனி இதழ் வந்தது அதே வருடம் அதற்குப் பிறகுதான்.

அதே நிறுவனத்தின் 'சென்யோரிட்டா ரியோ' ஒரு ஹாலிவுட் நடிகை, ரகசியமாக நாஜிகளை எதிர்க்கும் உளவாளி. அதை வரைந்தவர்களில் முக்கியமானவர் லில்லி ரெனே. 1921-ல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்றிய ரயில் பயணத்தில் இங்கிலாந்துக்குத் தப்பி, பிறகு நியூயார்க் வந்து சேர்ந்தவர். போருக்கு ஆண்கள் போய்விட்டதால் ஃபிக்‌ஷன் ஹவுஸ் நிறையப் பெண்களை வேலைக்கு எடுத்தது. நாஜிகளிடமிருந்து ஓடி வந்த பெண், காகிதத்திலாவது அவர்களை அடித்து நொறுக்கும் ஒரு பெண்ணை வரைந்தார். அந்த உளவாளியின் கவுன் தோளிலிருந்து இறங்கியிருந்தது உண்மை. ஆனால் அதை மட்டுமே பார்ப்பவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரெனே 2022-ல் நூறு வயதைத் தாண்டித்தான் மறைந்தார்.

இன்னொருவர் மாட் பேக்கர். அந்தக் காலத்தில் காமிக்ஸ் துறையில் பெயர் சொல்லும்படி வளர்ந்த வெகு சில கறுப்பினக் கலைஞர்களில் ஒருவர். பின்-அப் பாணியில் அவரை அடிக்க ஆளில்லை. 1947 முதல் அவர் கைபட்ட 'ஃபேண்டம் லேடி' ஒரு செனட்டரின் மகள். இருட்டைப் பாய்ச்சும் ஒரு விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு திருடர்களைப் பிடிப்பவள். பேக்கர் 1959-ல், நாற்பதைத் தொடும் முன்பே இறந்துபோனார். காமிக்ஸ் உலகத்தின் பெரிய கௌரவங்களில் ஒன்றான ஐஸ்னர் விருதுகளின் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2009-ல். ஐம்பது வருடம் தாமதம்.

ஷீனாவுக்கு வேலை இருந்தது சரி, அந்தக் காட்டின் சொந்த மக்களுக்கு என்ன வேலை என்று கேட்டால்? மூட்டை தூக்குவது, பயந்து ஓடுவது, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கும்பிடுவது. ஆப்பிரிக்காவுக்கு ராணி என்றால் அவள் கூடப் பொன்னிறக் கூந்தல்காரிதான். ஒரே கேள்வி ஷீனாவைக் காப்பாற்றவும் செய்கிறது, ஷீனா கதையைக் கூண்டில் ஏற்றவும் செய்கிறது. நல்ல அளவுகோல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

துடைத்ததில் போனது எது?

1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அதில் எடுத்துக்காட்டாகப் போட்ட படங்களில் ஒன்று பேக்கரின் ஃபேண்டம் லேடி அட்டை. அதே ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் அக்டோபரில் தாங்களே 'காமிக்ஸ் கோட்' என்ற கட்டுப்பாட்டைப் போட்டுக்கொண்டார்கள். பெண்களின் உடலை மிகைப்படுத்தி வரையக் கூடாது. காதல் கதை என்றால் இல்லறத்தின் மேன்மையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். இப்படிப் பல விதிகள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? ஃபிக்‌ஷன் ஹவுஸ் 1950களின் நடுவில் கடையை மூடியது. ஷீனா போனாள், ரியோ போனாள், ஃபேண்டம் லேடி போனாள். கழுத்து வரை துணி வந்தது, கையிலிருந்த வேலை போனது. 1958-ல் 'சூப்பர்மேன்ஸ் கேர்ள் ஃபிரண்ட் லோயிஸ் லேன்' என்று தனி இதழே வந்தது. பெயரிலேயே விஷயம் தெரிகிறதா? 1941-ல் ஃப்ளைஷர் ஸ்டூடியோ எடுத்த சூப்பர்மேன் கார்ட்டூன்களில் இதே லோயிஸ் செய்திக்காகத் தனியே விமானம் ஓட்டிக்கொண்டு வில்லன் வீட்டுக்கே போனவள். அவள்தான் பதினேழு வருடம் கழித்து, சூப்பர்மேனை எப்படிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைப்பது என்று பக்கம் பக்கமாகத் திட்டம் போட்டாள்.

இது முதல் தடவையும் அல்ல. அதே ஃப்ளைஷர் ஸ்டூடியோவின் பெட்டி பூப் 1930-ல் பிறந்தவள். குட்டைப் பாவாடை, காலில் கார்டர். ஆனால் 1932-ல் ஒரு கார்ட்டூனில் ஜனாதிபதித் தேர்தலுக்கே நின்றாள்! 1934-ல் ஹாலிவுட் தணிக்கை இறுகியதும் பாவாடை நீண்டது, குறும்பு சுருங்கியது, நாய்க்குட்டியும் தாத்தாவும் கதையை எடுத்துக்கொண்டார்கள். 1939-ல் தொடரே நின்றுபோனது.

காமிக்ஸ் கோட் இனவெறியையாவது துடைத்ததா? மதத்தையும் இனத்தையும் இழிவுபடுத்தக் கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. ஆனால் 1956-ல் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற கதையை ஈ.சி. காமிக்ஸ் மறுபதிப்புச் செய்ய முயன்றபோது என்ன நடந்தது? இனப் பாகுபாட்டுக்கு எதிரான கதை அது. கடைசிக் கட்டத்தில் விண்வெளி வீரர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், அவர் ஒரு கறுப்பினத்தவர். அந்த வீரர் கறுப்பாக இருக்கக் கூடாது என்றார் தணிக்கை அதிகாரி! பதிப்பாளர் பில் கெய்ன்ஸ் மறுத்துச் சண்டை போட்டு அப்படியே வெளியிட்டார். ஆடையை அளக்கத் தெரிந்த கைக்கு அநியாயத்தை அளக்கத் தெரியவில்லை.

சுத்தமான சாகசம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 1964-ல் தொலைக்காட்சியில் வந்த 'ஜானி க்வெஸ்ட்' நல்ல சாட்சி. டக் வைல்டியின் அற்புதமான ஓவியப் பாணி, பல்ப் நாவல் மாதிரியே மம்மி, டைனோசர், லேசர். 26 பகுதிகள். அதில் திரும்ப வரும் வயது வந்த பெண் ஜேட் ஒருத்திதான், அவளும் இரண்டே பகுதிகளில். ஆபாசம் துளியும் இல்லை. ஏனென்றால் பெண்களே இல்லை! கல்கத்தாவிலிருந்து வரும் ஹாட்ஜி என்ற பையன் இருக்கிறான். தலைப்பாகை, மந்திரம், கயிறு வித்தை... ஒரு இந்தியப் பையனுக்கு அந்தக் கதை கொடுத்த வேலை அது.

பெட்டி பேஜுக்குக் கிடைத்த கூலி

வைல்டியிடம் வேலை பார்த்த இளைஞர் டேவ் ஸ்டீவன்ஸ். 1982-ல் 'த ராக்கெட்டியர்' என்ற காமிக்ஸை ஆரம்பித்தார். கதை நடப்பது 1938-ல். முதுகில் ராக்கெட் கட்டிப் பறக்கும் விமானி, தங்க நிறத் தலைக்கவசம், நாஜி உளவாளிகள். கதையில் வரும் பெரியவர் பீவியின் முகம் வைல்டியின் முகம். நாயகனின் காதலி பெட்டியின் முகமும் உடலும் 1950களின் புகழ்பெற்ற பின்-அப் மாடல் பெட்டி பேஜுடையது. ரெட்ரோ காமிக்ஸில் இதைவிட அழகாக வரைந்தது அபூர்வம்.

ஆனால் கதையில் அந்தப் பெட்டிக்கு என்ன வேலை? போஸ் கொடுப்பது, நாயகனைப் பொறாமைப்பட வைப்பது. 1940களின் ஷீனா செய்த வேலையில் கால்வாசி கூட இல்லை. பழைய காலத்தைக் காதலித்தவர்கள் அதன் போஸை எடுத்துக்கொண்டு, வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். ரெட்ரோவின் பொதுவான வியாதி இது.

நிஜ பெட்டி பேஜ் கதை இன்னும் கசப்பு. காமிக்ஸை விசாரித்த அதே செனட் துணைக்குழு, எஸ்டெஸ் கீஃபாவர் தலைமையில் 1955-ல் பின்-அப் படங்களையும் விசாரித்தது. அவரைப் படமெடுத்து விற்ற இர்விங் க்ளாவைக் கூப்பிட்டார்கள். பேஜுக்கும் சம்மன் போனது. ஆனால் அவரைக் காக்க வைத்தார்களே தவிர, சாட்சி சொல்ல அழைக்கவில்லை. அவர் படத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், அவரிடம் மட்டும் யாரும் பேசவில்லை! 1957-ல் அவர் மாடலிங்கை விட்டார். பிறகு வறுமை, மனநோய், மருத்துவமனை வாசம். 1980களில் அவர் முகம் போஸ்டராக, காமிக்ஸாக விற்றுத் தீர்ந்தபோது அதில் ஒரு காசும் அவருக்குப் போகவில்லை. தான் மறுபடி பிரபலமாகியிருப்பதே அவருக்கு வெகுநாள் தெரியாது.

ஸ்டீவன்ஸ் இங்கே ஒரு பெரிய காரியம் செய்தார். பேஜ் உயிரோடு இருப்பது தெரிந்ததும் தேடிப் பழகினார், கூடமாட உதவினார், அவர் உருவத்தை வைத்துச் சம்பாதிப்பவர்களிடமிருந்து உரிய பணம் கிடைக்கவும் வழி செய்தார். கதைக்குள் பெட்டிக்குக் கொடுக்காத மரியாதையை, கதைக்கு வெளியே நிஜ பெட்டிக்குக் கொடுத்தார் என்று சொல்லலாம். இருவரும் மறைந்தது ஒரே வருடம், 2008.

போஸ் வேண்டாம் என்பதல்ல

தமிழ் வாசகர்களுக்கு இந்த உலகம் அந்நியமல்ல. வேதாளரைத் தெரியாத காமிக்ஸ் ரசிகர் உண்டா? 1936 பிப்ரவரியில் அந்தத் தொடர் ஆரம்பமானபோது டயானா பால்மர் குத்துச்சண்டை போட்டுக்கொண்டு அறிமுகமாகிறாள், அதுவும் ஒரு ஆணோடு. 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தன் முதல் இதழுக்குத் தேர்ந்தெடுத்த நாயகி மாடஸ்டி பிளைசி. பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963-ல் லண்டன் செய்தித்தாளில் பிறந்தவள். கவர்ச்சிக்குக் குறைவே இல்லை. ஆனால் திட்டம் போடுவது அவள், முடிவெடுப்பது அவள். வில்லி கார்வின் அவளை "இளவரசி" என்று அழைத்துக்கொண்டு பின்னால் வருபவன்தான். மாடஸ்டியை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

அதனால் 'கவர்ச்சியும் வேலையும் சேராது' என்பது பொய். 1992-ல் வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடர் பழைய ஃப்ளைஷர் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டது. அதில் ஜோக்கருக்கு எடுபிடியாக ஒரு பகுதிக்கு மட்டும் எழுதிய ஹார்லி க்வின்னுக்கு, 1994-ல் பால் டினியும் புரூஸ் டிம்மும் தனிக் கதையே கொடுத்தார்கள். அவள் ஏன் இப்படி ஆனாள் என்று கேட்டார்கள். கேட்டதும் பாத்திரத்துக்கு உயிர் வந்துவிட்டது.

கையில் ஒரு கத்தியைக் கொடுத்தால் வேலை கொடுத்ததாகிவிடுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990களில் கத்தியும் துப்பாக்கியுமாக நாயகிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் இடுப்பை வளைத்து நின்றதுதான் மிச்சம். ஆயுதம் வேலை ஆகாது. அவள் எடுக்கும் ஒரு முடிவால் கதை திரும்புகிறதா என்பதுதான் வேலை. காமிக்ஸ் எழுத்தாளர் கெல்லி சூ டிகோனிக் இதற்கு ஒரு எளிய சோதனை சொன்னார்: அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அழகான விளக்கை வைத்தாலும் கதை ஓடுமா? ஓடினால் கதையில் கோளாறு. பல்ப் கதைகளில் பாதிப் பெண்கள் உண்மையிலேயே பல்புகள்தான்!

இன்று இது பழங்கதை இல்லை. கணினியிடம் நாலு வார்த்தை சொன்னால் 1940களின் பாணியில் அழகி, ராக்கெட், ஜந்து எல்லாம் நொடியில் வந்து விழுகிறது. அதில் அவளுக்குக் கதையும் இல்லை, வேலையும் இல்லை. வரைந்ததற்குக் கூலி வாங்க ஒரு லில்லி ரெனேயும் இல்லை, முகத்துக்குக் கூலி கேட்க ஒரு பெட்டி பேஜும் இல்லை. போஸ் மட்டும் தனியே நிற்கிறது. இன்ச் டேப்பால் அளந்தால் இதில் ஒரு குற்றமும் தெரியாது, பாட்டி காலத்துப் புடவையையே போர்த்தி வரையச் சொல்லலாம். ஆனால் வேலை என்ன, கூலி யாருக்கு என்று கேட்டால்தான் எத்தனை பெரிய ஓட்டை என்று தெரியும்.

பழைய அட்டைகளை ரசிக்கட்டும், மாட்டட்டும், அந்தப் பாணியில் புதிதாக வரையவும் செய்யட்டும். வரைகிறவர்கள் பென்சிலை எடுக்கும் முன், அவள் என்ன உடுத்தப் போகிறாள் என்பதற்கு முன்னால், அவள் என்ன செய்யப் போகிறாள் என்று முடிவு செய்துகொண்டால் போதும். உடை விஷயத்தை அப்புறம் அவளே பார்த்துக்கொள்வாள்.